ஒன்றைப் பிடித்தால் ஒன்று போகும்! டிசைன் வேலையில் வாடிக்கையாளருக்கு விளக்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்குச் சில மாதங்களிலேயே வேலை தேடி வந்துவிடும். "உங்க வீட்டுலதான் கம்ப்யூட்டர் இருக்கே, ஒரு நோட்டீஸ் அடிச்சுக் கொடுங்களேன்" என்று பக்கத்து வீட்டார் வந்து நிற்பார். அப்புறம் கல்யாண அழைப்பிதழ், சங்கத்துக்கு லெட்டர் பேட், கடைக்கு விசிட்டிங் கார்டு, திருவிழாவுக்கு பிளெக்ஸ் என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். சிலர் இதையே பகுதி நேரத் தொழிலாக ஆக்கிக்கொள்கிறார்கள்.

சாப்ட்வேரைக் கற்றுக்கொள்வது பெரிய விஷயம் இல்லை. லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாதம் உட்கார்ந்தால் போதுமான அளவு பழகிவிடலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வருகிறவர் எல்லாவற்றையும் கேட்பார். எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். எல்லாப் பெயர்களும் வர வேண்டும். போட்டோ வர வேண்டும். ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். நாளைக் காலையில் கையில் கிடைக்க வேண்டும். செலவும் குறைவாக இருக்க வேண்டும்!

இத்தனையும் சேர்ந்து கிடைக்காது. எது கிடைக்கும், அதற்காக எது போகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லத் தெரிந்தவரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார். சொல்லாமல் விட்டால் 1,000 பிரதி அச்சான பிறகு சண்டை வரும். காகிதமும் வீண், பழக்கமும் வீண்.

எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தப் பாடம். முதலில் நம் தமிழ் எழுத்தே அச்சுக்கு வந்தபோது எதைப் பெற்று எதை விட்டார்கள் என்று பார்ப்போம். பிறகு அதை நம் நோட்டீஸ் வேலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முந்தைய டிசைன் வேலை

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஊர் புன்னைக்காயல். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடற்கரையின் பழைய ஊர்களில் ஒன்று. போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற பாதிரியார் 1547இல் இந்தக் கடற்கரைக்கு வந்தார். தமிழில் இவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, தமிழிலேயே நூல்களை எழுதி, 1600இல் புன்னைக்காயலில் காலமானார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்கள் இவருடையவை.

அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? இந்தக் கடற்கரையின் பரதவ மக்கள். அவர்கள் 400 குருசாடோ நாணயங்கள் கொடுத்ததாக அச்சு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இன்றைய பேச்சில் சொன்னால், தமிழ் அச்சின் முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

அந்த வேலையில் எடுக்கப்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் முடிவு, எந்த எழுத்தில் அச்சிடுவது என்பது. இதற்கு முன்னரே, 1554இல், போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது. மொழி தமிழ், ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. இன்று போனில் "நன்றி" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறார்களே, அதே மாதிரிதான். அங்கே தமிழ் அச்செழுத்து கிடையாது. இருந்த எழுத்தை வைத்து வேலையை முடித்தார்கள். இதில் கிடைத்தது என்ன? புத்தகம் வந்தது, தமிழ் கற்க விரும்பிய போர்ச்சுக்கீசியருக்குப் பயன்பட்டது. போனது என்ன? தமிழ் எழுத்து மட்டுமே தெரிந்த கடற்கரைக்காரர் அதைப் படிக்க முடியாது.

இரண்டாவது முடிவு, தமிழ் எழுத்தை எப்படி வார்ப்பது என்பது. கோவாவில் 1577இல் ஜோவான் கொன்சால்வஸ் என்பவர் தமிழ் அச்செழுத்துகளைச் செய்தார். 1578இல் கொல்லத்தில் ஜோவான் டி ஃபாரியா என்பவர் இன்னும் நல்ல எழுத்துகளைச் செய்தார். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம்தான்.

தமிழில் 247 எழுத்துகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வடிவம் வெட்டி, அச்சு எடுத்து, உலோகத்தில் வார்க்க வேண்டும் என்றால் எவ்வளவு வேலை! அந்த முதல் நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் எ, நெடில் ஏ என்ற வேறுபாடு கிடையாது. ஒ, ஓ வேறுபாடும் கிடையாது. "எரி" என்று அச்சில் இருந்தால் அது நெருப்பா, குளத்தைப் போன்ற ஏரியா என்பதை இடம் பார்த்து வாசகர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது பெரிய இழப்பு போலத் தோன்றும். ஆனால் அன்றைய வாசகருக்கு அப்படி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதுவதே அன்றைய வழக்கம். ஓலை படித்தவர்களுக்கு அச்சு நூலும் அதே மாதிரி இருந்தது. இப்போது நாம் எழுதும் நெடில் ஏகார, ஓகார வேறுபாடு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு பரவியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வாடிக்கையாளர் ஏற்கெனவே பழகிவிட்ட குறை அவருக்குக் குறையாகத் தெரியாது. புதிதாக வரும் குறைதான் கண்ணை உறுத்தும். ஆகவே எதை விடலாம் என்று யோசிக்கும்போது, அவர் இதுவரை எப்படிப்பட்ட நோட்டீஸைப் படித்துப் பழகியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொரு செய்தி. தம்பிரான் வணக்கத்தின் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577இல் செய்த எழுத்தும், கொல்லத்தில் 1578இல் செய்த எழுத்தும், எது எங்கே எப்போது செய்தது என்ற குறிப்போடு இடம்பெற்றிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இரண்டையும் ஒப்பிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று தாங்களே சொல்லலாம். இந்தப் பாடம் முழுவதையும் ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். வாயால் விளக்குவதைவிட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது மேல்!

அதன்பின் 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சானது. 1586இல் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' வந்தது. இது புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்லப்படும் நூல். 600 பக்கத்துக்கும் மேல். 16 பக்கத்தில் தொடங்கிய வேலை எட்டே ஆண்டில் இந்த அளவுக்கு வளர்ந்தது.

எழுத்தின் அளவும் காகிதமும்

அடுத்த உதாரணம் தரங்கம்பாடியிலிருந்து. சீகன்பால்கு அங்கே அச்சகம் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிகப் பெரியது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை முழுவதும் அச்சிட்டால் கையில் இருந்த காகிதம் போதாது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கி இதற்குப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். 1715இல் நூல் முடிந்தது.

பெரிய எழுத்து வேண்டுமா, குறைந்த காகிதம் வேண்டுமா? உங்கள் கம்ப்யூட்டரில் இன்று வரும் கேள்வியும் இதுவேதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஏ5 அளவு நோட்டீஸ் என்பது 148 மில்லிமீட்டர் அகலம், 210 மில்லிமீட்டர் உயரம். மேலும் கீழும் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எழுதக் கிடைப்பது 190 மில்லிமீட்டர் உயரம். எழுத்தின் அளவைப் புள்ளியில் சொல்வார்கள். 72 புள்ளி ஓர் அங்குலம்.

* 12 புள்ளி எழுத்து, வரிக்கு வரி 18 புள்ளி இடைவெளி: ஏறத்தாழ 30 வரி.
* 9 புள்ளி எழுத்து, வரிக்கு வரி 13.5 புள்ளி இடைவெளி: ஏறத்தாழ 40 வரி.

வரிகள் மட்டும் கூடுவதில்லை. எழுத்து சிறுத்தால் ஒரு வரிக்குள் மூன்றில் ஒரு பங்கு எழுத்து அதிகமாக அடங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எழுத்தைக் கால் பங்கு சிறிதாக்கும்போது அதே காகிதத்தில் ஏறத்தாழ 1.8 மடங்கு விஷயம் கொள்ளும். "கொஞ்சம் சின்னதாக்கினால் எல்லாம் அடங்கிவிடும்" என்று வாடிக்கையாளர் சொல்வது இதனால்தான். அவர் சொல்வது சரிதான். ஆனால் கண்ணாடி போட்ட பெரியவர் 9 புள்ளித் தமிழ் எழுத்தைப் படிக்கத் திணறுவார். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். சிறுத்தால் னகரமும் ணகரமும் ஒன்றுபோலத் தெரியும்.

பேசுவது எப்படி? ஒரு மாதிரி உரையாடல்

திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர், வீட்டில் டிசைன் செய்யும் பெண் ஒருவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கமிட்டிக்காரர்: தங்கச்சி, பத்து நாள் நிகழ்ச்சியும் வரணும். நன்கொடை கொடுத்த 60 பேர் பேரும் வரணும். ஒரே பக்கத்துல முடிச்சுரு. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும்.

பெண்: சரிண்ணே. இதை யாருக்குக் கொடுப்பீங்க?

கமிட்டிக்காரர்: வீட்டுக்கு வீடு கொடுப்போம். வயசானவங்கதான் உக்காந்து முழுசும் படிப்பாங்க.

பெண்: அப்போ இந்த ரெண்டையும் பாருங்க. இது ஒரு பக்கம். எல்லாப் பேரும் வந்துருச்சு, எழுத்து சின்னது. இது ரெண்டு பக்கம். எழுத்து பெருசு, அச்சுச் செலவு கூடும்.

கமிட்டிக்காரர்: இது ரொம்பப் பொடியா இருக்கே. எங்க அம்மாவால படிக்க முடியாது.

பெண்: இன்னொரு வழியும் இருக்குண்ணே. நிகழ்ச்சிய மட்டும் ஒரு பக்கத்துல பெரிய எழுத்துல போடலாம். நன்கொடை கொடுத்தவங்க பேர ஒரு பிளெக்ஸ்ல போட்டு வாசல்ல வச்சிரலாம். செலவு குறையும். ஆனா பேரு வீட்டுக்கு வீடு போகாது.

கமிட்டிக்காரர்: அது ஆகாதும்மா. பேரு வீட்டுக்குப் போகணும். இல்லேன்னா அடுத்த வருஷம் யாரு கொடுப்பா? ரெண்டு பக்கமே போடு. செலவை நான் கமிட்டியில பேசிக்கிறேன்.

இதைக் கவனியுங்கள். அந்தப் பெண் ஒரு இடத்தில்கூட "அது முடியாது" என்று சொல்லவில்லை. "பாண்ட் சைஸ்", "லே அவுட்", "மார்ஜின்" என்ற சொற்களையும் சொல்லவில்லை. யாருக்காக என்று கேட்டார். இரண்டு தாள்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கிடைப்பதையும் போவதையும் ஒரே மூச்சில் சொன்னார். மூன்றாவது வழியைச் சொன்னபோதுதான் உண்மையான தேவை வெளியே வந்தது. பெயர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்த நோட்டீஸின் உயிர். அது முதலிலேயே அவர் வாயிலிருந்து வந்திருக்காது. வாடிக்கையாளருக்கே தனக்கு எது முக்கியம் என்பது, எதையாவது இழக்க வேண்டிவரும்போதுதான் தெரியும்.

அவர் தொழிலின் மொழியில் சொல்லுங்கள்

ஒவ்வொரு தொழிலிலும் இந்தக் கணக்கு உண்டு. உங்களிடம் வருபவர் தன் தொழிலில் இதைத் தினமும் போடுகிறார். அதைப் பிடித்துக்கொண்டால் விளக்கம் பாதி முடிந்த மாதிரி.

மீன்பிடிப்பவரிடம் வலைக்கண்ணைச் சொல்லலாம். கண் சிறியதாக இருந்தால் பொடி மீனும் சிக்கும். ஆனால் வலை கனக்கும், இழுப்பது கஷ்டம். கண் பெரியதாக இருந்தால் பொடி மீன் தப்பும்; பெரிய மீன் மட்டும் நிற்கும். நோட்டீஸில் எல்லா விவரத்தையும் அடைப்பது சின்னக் கண் வலை போட்ட மாதிரி.

முத்து தெரிந்தவரிடம் ஆணிமுத்தைச் சொல்லலாம். உருட்சி, பருமன், ஒளி மூன்றும் சேர்ந்த முத்து அபூர்வம். அதற்கு விலை வேறு. விரைவு, தரம், மலிவு மூன்றையும் ஒரே வேலையில் கேட்பவருக்கு இது உடனே விளங்கும்.

சமையல்காரரிடம் 100 பேருக்கு வைத்த சாம்பாரை 150 பேருக்கு நீட்டுவதைச் சொல்லலாம். தையல்காரரிடம் இரண்டு மீட்டர் துணியில் முழுக்கையும் நீள உடுப்பும் கேட்பதைச் சொல்லலாம்.

அடிக்கடி வரும் நான்கு கணக்குகள்

1. போட்டோவின் தெளிவும் பைலின் அளவும்

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதை 300 டிபிஐ என்பார்கள். ஏ4 பக்கம் முழுக்க ஒரு படம் என்றால் 2,480 x 3,508 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் வீதம், சுருக்காமல் வைத்தால் சுமார் 26 மெகாபைட். அதையே 150 டிபிஐயில் வைத்தால் சுமார் 6.5 மெகாபைட். தெளிவு பாதியானால் பைல் கால் பங்காகிறது!

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும். சீக்கிரம் வந்து சேரும், தெளிவு போகும். அச்சுக்கு வேண்டிய படத்தை டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிளெக்ஸுக்குக் கணக்கு வேறு. பத்து அடி அகல பிளெக்ஸை யாரும் கைக்குள் வைத்துப் படிப்பதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதால் 72 டிபிஐ போதும். 300 டிபிஐ வைத்தால் கம்ப்யூட்டர் திணறும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

2. திரை வண்ணமும் அச்சு வண்ணமும்

திரையில் வண்ணம் ஒளியால் வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்த முறை. இதை ஆர்ஜிபி என்பார்கள். அச்சில் வண்ணம் மையால் வருகிறது. இளநீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளின் முறை, இது சிஎம்ஒய்கே. திரையில் பளீரென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கித்தான் வரும். அதனால் வாடிக்கையாளரின் ஒப்புதலைத் திரையைக் காட்டி வாங்காதீர்கள். ஒரே ஒரு தாளாவது பிரிண்ட் எடுத்துக் காட்டி வாங்குங்கள். அந்த ஒரு தாளின் செலவு பெரிய நஷ்டத்தைத் தடுக்கும்.

3. அலங்கார பாண்ட்டும் யூனிகோட் பாண்ட்டும்

இது தமிழுக்கே உரிய பிரச்சினை. பழைய முறை பாண்ட்களில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். பாமினி இந்த வகை. அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அழைப்பிதழுக்கேற்ற அலங்கார வடிவங்கள் இந்த முறையில் நிறைய உண்டு. யூனிகோட் பாண்ட்டில் அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழாகவே தெரியும்; தேடலாம், திருத்தலாம், அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம்.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தரங்களிலும் இந்தக் கணக்கு இருந்தது. டாப் என்பது ஆங்கிலமும் தமிழும் ஒரே பாண்ட்டில் இருக்கும் முறை. டாம் என்பது தமிழ் மட்டும் இருக்கும் முறை. ஆங்கிலத்தை விட்டதால் டாம் முறையில் தமிழ் வடிவங்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது; அச்சில் அழகு கூடியது. ஆங்கிலம் கலந்து அடிப்பவருக்கு டாப் வசதி.

அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் கர்வ் ஆக மாற்றி அனுப்புவது வழக்கம். அதன்பின் எழுத்து வெறும் படமாகிவிடும். பாண்ட் இல்லை என்ற பிரச்சினை வராது. ஆனால் ஒரு எழுத்துப்பிழையைக்கூட அங்கே திருத்த முடியாது. எனவே மாற்றும் முன் மூல பைலை வேறு பெயரில் சேவ் செய்து வையுங்கள்.

4. பழகிய வடிவமும் புதிய வடிவமும்

1978 அக்டோபரில், அதாவது தம்பிரான் வணக்கம் வந்து சரியாக 400 ஆண்டு கழித்து, தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் தனி வடிவங்கள் குறைந்தன. படிக்கும் பிள்ளைகளுக்கும் சுலபம். போனது, பழைய சுழிகளின் அழகும் பெரியவர்களின் கைப்பழக்கமும். இன்றும் சில கடைப் பெயர்ப்பலகைகளில் பழைய லை, னை தெரிவதைப் பார்க்கலாம். "எங்க அப்பா வச்ச போர்டு மாதிரியே வேணும்" என்று ஒருவர் கேட்டால் அவர் பழமையை விரும்புகிறார். இளம்பிள்ளைகள் படிக்கத் தடுமாறலாம் என்பதை ஒருமுறை சொல்லுங்கள். பிறகு அவர் விருப்பப்படி செய்து கொடுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

அ. சாப்ட்வேரைத் திறக்கும் முன் கேளுங்கள்: யார் படிக்கப் போகிறார்கள்? எங்கே, எவ்வளவு தூரத்திலிருந்து? எத்தனை பிரதி? எந்த நாளுக்குள்?

ஆ. "இதில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இ. இரண்டு மாதிரிகள் செய்யுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். அதிகம் காட்டினால் ஒன்றின் தலையையும் இன்னொன்றின் காலையும் சேர்த்துக் கேட்பார்.

ஈ. இரண்டையும் உண்மையான அளவில் பிரிண்ட் எடுங்கள். ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

உ. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு வரி, போவது ஒரு வரி, செலவு ஒரு வரி சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த மாதிரியின் குறையை மறைக்காதீர்கள்.

ஊ. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவர் கேட்டால் உங்கள் கருத்தைக் காரணத்தோடு சொல்லுங்கள். முடிவு அவருடையதாகவே இருக்கட்டும்.

எ. முடிவை எழுதி வாங்குங்கள். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. கீழே உள்ளது போல ஒரு துண்டுச்சீட்டு போதும்.

வேலை: திருவிழா நோட்டீஸ், ஏ5, இரண்டு பக்கம்
பிரதி: 1,000
எடுத்துக்கொண்டது: 12 புள்ளி எழுத்து, 60 பெயர்களும்
விட்டது: ஒரு பக்கத்தில் முடிப்பது, வண்ணப் போட்டோ
எழுத்துப்பிழை பார்த்தவர் கையெழுத்து:
தேதி:

"விட்டது" என்ற வரிதான் இதில் முக்கியம். பெற்றதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். விட்டதை அச்சான மறுநாளே மறந்துவிடுவார்கள்.

செய்யக் கூடாதவை

கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, பிறகு நீங்களாகவே எழுத்தைச் சிறிதாக்கிக் கொடுக்காதீர்கள். அது அவருடைய முடிவை நீங்கள் எடுத்த மாதிரி. கம்ப்யூட்டர் சொற்களைச் சொல்லி வாயடைக்கவும் செய்யாதீர்கள். அவர் புரியாமல் தலையாட்டினால் அது ஒப்புதல் ஆகாது. "கம்ப்யூட்டர்ல அப்படி வராது" என்ற பதிலையும் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் எல்லாம் வரும்; என்ன விலைக்கு வரும் என்பதுதான் கேள்வி.

இந்த மாதப் பயிற்சி

உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பழைய அழைப்பிதழை எடுங்கள். அதன் வாசகத்தை யூனிகோட் பாண்ட்டில் அடியுங்கள். ஏ5 பக்கத்தில் ஒருமுறை 12 புள்ளியிலும், இன்னொரு முறை 9 புள்ளியிலும் அமைத்து இரண்டையும் பிரிண்ட் எடுங்கள். ஒரு தாளின் பின்புறம் 'அ', மற்றதன் பின்புறம் 'ஆ' என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடமும், பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று கேட்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: 'அ'வில் கிடைத்தது என்ன, போனது என்ன, 'ஆ'வில் கிடைத்தது என்ன, போனது என்ன. அடுத்து வரும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது அந்த இரண்டு வரிதான்.